மாடி அறைக்கு ஒரு ரவுட்டர்

முனீஸ்வரி பிறந்தது குச்சனூரில். அப்பா கர்ணனுக்கு வாய்க்கால் ஓரமாக நெல் வயல். சனிக்கிழமை ஆனால் சனீஸ்வரன் கோயிலுக்கு வரும் வண்டிகள் தெருவை அடைத்துக்கொள்ளும். அந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கினாள். பிறகு சென்னைக்குப் போய் மெடிக்கல் கோடிங் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் கர்ணன், "அமெரிக்கால டாக்டருக எழுதுறத இவ வாசிச்சு, ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பர் போடணுமாம்" என்பார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. வேலை அதுதான்.

கல்யாணம் ஆனதும் அந்த வேலையை விட்டாள். விஜய்பாண்டிக்குத் தேனியில் டிராக்டர் உதிரிபாகக் கடை, பழனிசெட்டிபட்டியில் சொந்த வீடு. கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று. நல்ல மனிதன், குடி கிடையாது, கடையை அடைத்தால் நேரே வீட்டுக்கு வருவான். குழந்தை மட்டும் தள்ளிப் போனது. மதுரைக்கு அலைந்தார்கள். காலை முதல் பஸ்ஸில் போய், ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, ஆண்டிப்பட்டி கணவாய் இறங்கும்போது இருட்டிவிடும். ஒருவழியாக ஒன்று தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டார்கள். வளையல் கையில் இருக்கும்போதே ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வலி வரவைத்து வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை.

அதற்குப் பிறகு முனீஸ்வரி அழவே இல்லை. வந்தவர்கள் எல்லாம், "அழுதுரு ஆத்தா, அடக்கி வைக்காத" என்றார்கள். அவள் எதையும் அடக்கி வைக்கவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொட்டது போலிருக்குமே, அப்படி இருந்தது எல்லாம். எழுந்தாள், உலை வைத்தாள், துணி துவைத்தாள். விஜய்பாண்டி கடைக்குப் போனான், வந்தான். இரண்டு பேரும் சண்டை போடவில்லை. பேசிக்கொள்ளவும் இல்லை. "உப்பு போதுமா", "கேஸ் வந்துச்சா" என்ற அளவில் வீடு ஓடிக்கொண்டிருந்தது. மாடி அறை பூட்டியே கிடந்தது.

அப்படி ஒரு வருஷம் போன பிறகுதான் ஜெபா கூப்பிட்டாள். சென்னை ஹாஸ்டலில் அடுத்த கட்டிலில் இருந்தவள், போடிக்காரி. இப்போது வேறொரு கம்பெனியில் டீம் மேனேஜர்.

"முனீசு, வீட்டுல இருந்தே பாக்குற மாதிரி ஒரு இடம் காலியா இருக்கு. பகல் ஷிப்டுதான். வாரியா?"

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சு ஜெபா."

"மறந்தா புக்கப் பாரு. லேப்டாப்பு கம்பெனி அனுப்பிரும். நெட்டு மட்டும் நீ சரியா வச்சுக்கணும். அதுல ரொம்ப கண்டிசனா இருக்காக."

என்னென்ன கண்டிஷன் என்று ஜெபா சொல்லிக்கொண்டே போனாள். நோயாளிகளின் விவரம் என்பதால் எல்லாம் விபிஎன் வழியாகத்தான் போகும். அதாவது, வீட்டிலிருந்து கம்பெனி வரை பூட்டுப் போட்ட ஒரு தனிப் பாதை. நெட் ஒரு நிமிஷம் அறுந்தாலும் அந்தப் பாதை மூடிக்கொள்ளும், திறந்து வைத்த வேலை போய்விடும். போன் ஹாட்ஸ்பாட் கூடாது. லேப்டாப்புக்கு வைஃபை கூடாது, வயர்தான். நல்ல ரவுட்டர் வேண்டும், அதற்கு நாமே வைத்த பாஸ்வேர்டு வேண்டும். வேலை செய்யும் அறைக்குக் கதவு இருக்க வேண்டும். வேலை நேரத்தில் வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, புருஷன் உள்பட.

"யோசிச்சுச் சொல்லு" என்றாள் ஜெபா.

முனீஸ்வரிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. "சரி" என்றாள்.

மறுநாள் தேனிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எபனேசரின் கம்ப்யூட்டர் கடை. அவர் அப்பா காலத்தில் அது ரேடியோ கடை. எபனேசருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுவார்.

"ஒரு ரவுட்டர் வேணும்" என்றாள்.

"தந்துருவோம். எந்த லைன் போட்டுருக்கீக?"

"கேபிள்காரரு குடுத்த லைன். டிவிக்குப் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு."

"பைபரா?"

"தெரியல."

"சரி, எத்தன பேரு யூஸ் பண்ணுவீக?"

"ரெண்டு பேரு."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது நல்லா போகுது. வீட்டுல சின்னப் புள்ளைக இருந்தா இதத்தான் எடுக்கச் சொல்லுவேன். புள்ளைக என்ன பாக்குதுக, எவ்வளவு நேரம் பாக்குதுக, எல்லாத்தையும் நம்ம போன்லயே கட்டுப்படுத்திரலாம்."

"புள்ளைக இல்ல."

"அப்ப இது தேவையில்ல" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். வியாபாரியின் சாதாரணப் பேச்சு. அவர் கை அந்தப் பெட்டியை அலமாரியில் நுழைத்து விளிம்போடு நேராக நிறுத்துவதை முனீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் வலிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வலிக்கிறதா என்று சற்றுக் காத்திருந்து பார்த்தாள். எபனேசர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"நீங்க எங்கன உக்காந்து வேல பாக்கப் போறீக? கீழயா, மேலயா?"

அதை அவள் முடிவு செய்திருக்கவில்லை.

"அது தெரியாம ரவுட்டர் வாங்குனா, போன வாரம் ஒருத்தர் திருப்பிக் கொண்டாந்தாரே, அந்தக் கதைதான் ஆகும். காங்கிரீட் தளத்தத் தாண்டுனா பாதி சிக்னல் செத்துரும். வீட்டுக்குப் போயி அந்தப் பெட்டிய முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து அனுப்புங்க. உக்கார்ற இடத்தையும் முடிவு பண்ணுங்க. பெறகு வாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தை விஜய்பாண்டியிடம் சொன்னாள். வேலைக்குச் சேரப் போவதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. ரவுட்டர் என்றதும்தான் நிமிர்ந்தான்.

"எந்த மாடல் காட்டுனாக?"

"இன்னும் காட்டல."

அதோடு முடியும் என்று நினைத்தாள். முடியவில்லை. மறுநாளிலிருந்து விஜய்பாண்டி கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் ரவுட்டர் வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்ததும் அதையே பேசினான். இரண்டு பேண்டு இருக்கிறதாம், அதாவது இரண்டு அலைவரிசை. ஒன்று தூரம் போகுமாம், வேகம் குறைவாம். இன்னொன்று வேகமாம், சுவர் தாண்டாதாம். மெஷ் என்று ஒன்று வந்திருக்கிறதாம், மூன்று பெட்டியை மூன்று இடத்தில் வைத்தால் வீட்டில் சந்து பொந்தெல்லாம் நெட் வருமாம். "கெணத்துக்கு மோட்டார் பாக்குற மாதிரிதான் முனீசு. எச்பி மட்டும் பாத்தா பத்தாது, எவ்வளவு தூரம் தள்ளணும்னும் பாக்கணும்." இத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் அவன் பேசி அவள் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ம்" என்றாள். அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு, சிக்னல் அளக்கிறேன் என்று வீடு முழுக்க நடந்தான். முன் அறை, அடுப்படி, படுக்கை அறை. ஒவ்வொரு இடத்திலும் நின்று எண்ணைச் சத்தமாகப் படித்தான். கீழே இருக்கும் எந்த அறையும் வேலைக்குத் தோது இல்லை. முன் அறைக்குக் கதவு கிடையாது. படுக்கை அறை ஜன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டு மாவு மில். மாடிப்படி ஏறினான். பூட்டிய கதவின் முன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இங்கன சுத்தமா வரல" என்றான்.

முனீஸ்வரி சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். "இங்கனதான் உக்காரணும். வேற எடம் இல்ல" என்று சொல்லிப் பூட்டைத் திறந்தாள்.

மஞ்சள் பெயின்ட் அடித்த அறை. ஓரமாக ஒரு மேஜை. அதன் மேல் அவள் அம்மா பஞ்சம்மாள் குச்சனூரிலிருந்து கொண்டுவந்த துணிக்கட்டு அப்படியே இருந்தது. கர்ணனின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, குழந்தைக்கு உறுத்தாமல் இருக்க வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்தவை. எல்லாவற்றின் மேலும் தூசி.

முனீஸ்வரி கட்டை அவிழ்த்தாள். மேலே இருந்த துணியை உதறினாள். வெளிக்குழாயில் நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து மேஜையைத் துடைத்தாள். துணி கறுத்ததும் அடுத்ததை எடுத்து ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். விஜய்பாண்டி வாசலிலேயே நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அத..."

"நல்லா தண்ணி இழுக்குது" என்றாள். அவன் கீழே போய்விட்டான். மீதித் துணிகளை அவள் தூக்கிப் போடவும் இல்லை, எடுத்து ஒளிக்கவும் இல்லை. அடுப்படியில் கைப்பிடித்துணி வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

சாயங்காலம் பஞ்சம்மாள் போன் செய்தாள். "ஏத்தா, அந்த ரூமத் தொறந்தியாமே? மாப்ள சொன்னாக. பேசும்போது அவுக குரலே சரியில்ல. நீ எப்படித்தா இருக்க?"

"நல்லா இருக்கேம்மா. கேபிள்காரருக்குச் சொல்லணும், வைக்கிறேன்."

கேபிள் லைன் பார்க்கும் ஈஸ்வரபாண்டி ஏணியோடு வந்து பார்த்தார். தெருக் கம்பம் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. "கீழ இருக்குறத விட இதுதான் லேசு. பைபர அவுத்து ஜன்னல் வழியா உள்ள கொண்டாந்துருவோம். எங்க பெட்டியும் இங்கன இருக்கட்டும், உங்க ரவுட்டரும் இங்கன இருக்கட்டும். கீழ டிவிக்கு மாடிப்படியில ஒரு வயர் விட்டுருவோம்" என்றார். அவரே பெட்டியைப் போட்டோ எடுத்து எபனேசருக்கு அனுப்பினார்.

இரண்டாவது முறை கடைக்குப் போகும்போது விஜய்பாண்டியும் வந்தான். எபனேசர் போட்டோவைப் பார்த்து முடித்திருந்தார். மேஜை மேல் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"இது விலை கம்மி, ஒரு பேண்டு. போன்ல படம் பாக்க ஆகும். உங்க வேலைக்கு வேணாம். இது மெஷ், அண்ணன் போன்ல கேட்டது. ஆனா லைனே மேல வந்துட்ட பெறகு, ரெண்டு பேருக்கு இது அதிகப்படி. நடுவுல இருக்குறது ரெண்டு பேண்டு, பின்னாடி நாலு வயர் மாட்டலாம், எல்லாமே வேகமான சொருகு. இவுகளுக்கு இது சரியா இருக்கும்."

விஜய்பாண்டி பெட்டியைத் திருப்பிப் படித்தான். "ஆன்டெனா நாலுதான் இருக்கு. ஆறு உள்ளதும் வருதுல்ல?"

"ஆன்டெனாவ எண்ணி வாங்காதீக அண்ணே. அவுகதான் வயர்ல வேல பாக்கப் போறாகள்ல?"

அவன் தலையாட்டினான். பிறகு அலமாரியைக் கைகாட்டி, "அந்தா இருக்கே, அது என்ன?" என்றான்.

"அது புள்ளைக இருக்குற வீட்டுக்கு. அக்கா அன்னைக்கே வேணாம்னுட்டாக."

விஜய்பாண்டி அலமாரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கும் அதையே குடுங்க. பின்னால தேவப்படும்" என்றான்.

எபனேசர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டி, இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

பின்னால் என்ற சொல்லை முனீஸ்வரி யோசித்துப் பார்த்தாள். மறுபடி மதுரை, மறுபடி ஊசி, மறுபடி கணவாய். இவன் இத்தனை நாளும் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் வரவில்லை. பாவமாகவும் இல்லை. தூரத்து ஊர்ச் செய்தியைப் பேப்பரில் படித்தது போல இருந்தது.

"இப்ப எது வேணுமோ அத வாங்குவோம்" என்றாள்.

"சரி" என்றான் அவன், உடனே. நடுவில் இருந்த பெட்டியை எபனேசர் பையில் போட்டார். கரண்ட் போனாலும் ரவுட்டர் அணையாமல் இருக்க ஒரு குட்டி யுபிஎஸ்ஸும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "கரண்ட் போயி வர்றதுக்குள்ள உங்க விபிஎன் அறுந்துரும்" என்றார். அதையும் வாங்கினார்கள். வண்டியில் திரும்பும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. வழி முழுக்க விஜய்பாண்டி பேசவில்லை. ரவுட்டரைப் பற்றிக்கூட.

ஈஸ்வரபாண்டி லைனை மேலே ஏற்றிக் கொடுத்தார். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, முனீஸ்வரி ரவுட்டருக்குள் போய்ப் பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள். தேவையில்லாத வழிகளை மூடினாள். லேப்டாப்பில் விபிஎன்னை அழுத்தினாள். போனுக்கு ஒரு எண் வந்தது. அதைப் போட்டதும் கம்பெனியின் திரை திறந்தது.

வேலை அவளுக்கு மறந்திருக்கவில்லை. முதல் வாரம் மெதுவாகப் போனது, பிறகு கை தானாக ஓடியது. நோயாளியின் சார்ட் வரும். யாரோ ஒரு டாக்டர் அவசரமாக எழுதியதை வாசிப்பாள். முட்டி வலி, சர்க்கரை, மாடிப்படியில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அதற்கான கோடு நம்பரைப் போடுவாள், அடுத்ததைத் திறப்பாள். நடுவில் எழுந்து போய்க் குக்கர் வைப்பாள். பகலில் கரண்ட் போகும். குட்டி யுபிஎஸ் ஒரு தடவை கீச்சிடும். ரவுட்டரில் பச்சை விளக்குகள் அப்படியே எரியும். யாரையும் பார்க்க வேண்டியதில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்த மஞ்சள் அறையில் அவள் சௌகரியமாக இருந்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

கடையிலிருந்து வந்ததும் விஜய்பாண்டி கேட்பான்: "நெட்டு நல்லா வருதா?"

"வருது."

"அறுக்கலையே?"

"இல்ல."

தினமும் இதைக் கேட்டான். அவள் தினமும் பதில் சொன்னாள்.

ஆடிக் காற்று தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் அந்தச் சார்ட் வந்தது. ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. கர்ப்பிணி, ஏழாம் மாதம், இரண்டு நாளாக அசைவு இல்லை என்று வந்திருக்கிறாள். ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை. மருந்து கொடுத்துப் பிரசவம். ஒற்றைக் குழந்தை, உயிர் இல்லை. கர்ப்ப சம்பந்தமான கோடுகள் எல்லாம் ஆங்கில 'ஓ' எழுத்தில் தொடங்கும். முனீஸ்வரி அந்த வரிசையில் தேடி உரியதைப் போட்டாள். எத்தனையாவது வாரம் என்பதற்கு ஒரு கோடு உண்டு, போட்டாள். பிரசவத்தின் முடிவு என்ன என்பதற்கு ஒரு கோடு உண்டு, அதையும் போட்டாள். நர்ஸ் எழுதிய குறிப்பில் கடைசியாக ஒரு வரி இருந்தது: தாய் குழந்தையைக் கையில் வாங்கி ஒரு மணி நேரம் வைத்திருந்தார்.

அதற்குக் கோடு கிடையாது. சார்ட்டைச் சமர்ப்பித்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். காது அடைப்பு.

தன்னிடம் அப்படிக் கொடுத்தார்களா என்று யோசித்தாள். கொடுக்கவில்லை. வேண்டுமா என்று நர்ஸ் கேட்டாள். இவளுக்கு வாய் வருவதற்குள் யாரோ, "வேணாம், மனசு தாங்காது" என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்பது ஞாபகம் இல்லை.

சாயங்காலம் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். விஜய்பாண்டி வந்து செருப்பைக் கழற்றினான். "நெட்டு நல்லா வருதா?" என்றான்.

"வருது" என்றாள். வேலை விஷயம் எதையும் வெளியே பேசுவதில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இருந்தாலும் சொன்னாள். "இன்னைக்கு ஒரு சார்ட்டு வந்துச்சு. ஏழு மாசம். அந்தப் பொம்பள கையில புள்ளையக் குடுத்துருக்காக. ஒரு மணி நேரம் வச்சிருந்துருக்கா."

விஜய்பாண்டி டிவி ரிமோட்டை எடுத்தான், போடவில்லை. "நாந்தான் வேணாம்னு சொன்னேன் முனீசு" என்றான். "நீ தாங்க மாட்டேனு நெனச்சேன். வெளிய கொண்டாந்து என் கையிலதான் குடுத்தாக. நான் பாத்தேன். உன் மூக்கு."

அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

கல்லில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. முனீஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டாள். மேலேயிருந்து சத்தம் கேட்டது. ஆண்கள் அழும்போது வரும், இருமல் மாதிரியான சத்தம். அது நிற்கும் வரை தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. இந்த மூக்கா என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்க வெகுநேரம் ஆனது.

"வாங்க, ஆறிப்போகுது" என்று மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அவன் முகம் கழுவிக்கொண்டு இறங்கி வந்தான். இரண்டு தட்டு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாதியில் அவள் கேட்டாள்: "முடி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சு" என்றான்.

அவள் சட்னியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.